டி.நகர்ல மொட்டை மாடில சாப்பிடப் போறீங்களா? இத படிச்சிட்டு ஏறுங்க

டி.நகருக்கு துணி எடுக்க வர்றவங்க முக்காவாசி பேர் தரையிலயே சுத்திட்டு அப்படியே கிளம்பிடுறாங்க. ரங்கநாதன் தெருல தள்ளுமுள்ளு, உஸ்மான் ரோட்டுல வெயில், பாண்டி பஜார்ல பேரம், நடுவுல பசிச்சா ஏதாவது ஒரு பவன்ல உக்காந்திருக்கறவர் முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டு இவர் எப்ப மோர குடிச்சு முடிப்பார்னு பாத்துட்டே இருந்து, இடம் கிடைச்சதும் ஒரு மினி மீல்ஸ். அதே கட்டடங்களுக்கு மேல காத்து அடிச்சுட்டு இருக்கு, டேபிள் போட்டு லைட்டெல்லாம் கட்டி வெச்சிருக்காங்க, பாதி பேருக்கு அது தெரியறதே இல்ல. தெரிஞ்சு போறவங்களும் பாதி தடவை கடுப்பாகித்தான் இறங்குறாங்க. ஏன்னா அங்க நாம குடுக்கற காசுல பெரும்பங்கு காத்துக்கும் வெளிச்சத்துக்கும்தான், சாப்பாட்டுக்கு மிச்சம்தான். எந்த ரெஸ்டாரன்ட்னு தேடுறதுக்கு செலவு பண்ற நேரத்துல பாதிய எந்த நேரம், எந்த மூலைன்னு யோசிக்கறதுக்கு ஒதுக்குங்க. சுமாரான சாப்பாடு கூட ஆறு மணிக்கு கிழக்கோரத்துல உக்காந்து சாப்பிட்டா நல்லா இருக்கும், பிரமாதமான சாப்பாடு மதியம் மூணு மணிக்கு தகரக் கூரைக்குக் கீழ சாப்பிட்டா நாமளே இட்லி குண்டானுக்குள்ள உக்காந்த மாதிரி ஆயிடும்.

முதல்ல ஒரு விஷயம், டாப் ஃப்ளோர் வேற மொட்டை மாடி வேற. பெரிய ஜவுளிக்கடைங்க சிலதுல மேல் மாடில ஃபுட் கோர்ட் இருக்கு, பசிக்கு அது தப்பே இல்ல, ஆனா அங்க ஜன்னல் கூட இருக்காது. இன்னும் சில இடம் போர்டுல ரூஃப்டாப்னு போட்டிருப்பாங்க, மேல போனா நாலு பக்கமும் கண்ணாடி வெச்சு மூடி ஏசி ஓடிட்டு இருக்கும். மே மாசத்துல அதுவே தேவலைன்னு தோணும், அது வேற கதை. திறந்த மாடின்னு தேடி போறீங்கன்னா கூகுள் மேப்ஸ்ல கஸ்டமர்ஸ் போட்ட போட்டோவ பாருங்க, அதுலயும் பகல்ல எடுத்த போட்டோவா தேடுங்க. ராத்திரி சீரியல் பல்பு வெளிச்சத்துல எல்லா மாடியும் சொர்க்கம்தான், பகல் போட்டோலதான் பக்கத்துலயே தண்ணி டேங்க் இருக்கா, ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் டேபிள பாத்து சூடா ஊதிட்டு இருக்கான்னு தெரியும்.

டி.நகர்ல ரெண்டு வகை கிடைக்கும். ஒண்ணு ஸ்டார் ஹோட்டல் மாடி. ஜி.என். செட்டி ரோட்டுல அக்கார்ட் மெட்ரோபாலிட்டன் ஹோட்டலோட மாடி ரெஸ்டாரன்ட் பெர்கோலா ரொம்ப வருஷமா பேர் போனது, கொஞ்சம் நகர்ந்து அண்ணா சாலைக்குப் போனா ரெயின்ட்ரீ ஹோட்டல் மாடில அப் நார்த்னு ஒரு ரெஸ்டாரன்ட், பஞ்சாபி சாப்பாடு. இன்னொரு வகை உள் தெருக்கள்ல இருக்கற கஃபேங்க. பசுல்லா ரோடு, டாக்டர் நாயர் ரோடு, விஜயராகவா ரோடு இந்தப் பக்கமெல்லாம் பழைய வீட்டு மாடிலயோ ஆபீஸ் மாடிலயோ திறப்பாங்க, ஆறு மாசத்துல மூடிட்டு வேற பேர்ல வேற ஒருத்தர் திறப்பாங்க. அதனால போன வருஷம் ஃப்ரெண்டு சொன்னான்னு நேரா போய் நிக்காதீங்க, போன் பண்ணிட்டுப் போங்க. என்னோட கணக்குல ஷாப்பிங் நாளுக்கு கஃபே போதும், ஸ்டார் ஹோட்டல் மாடிய கல்யாண நாள், பொறந்த நாளுக்கு தனியா குளிச்சு ரெடியாகி போற மாதிரி வெச்சுக்கோங்க. வேர்த்து வழிஞ்சு கைல நாலு கட்டைப்பையோட அந்த லாபில நுழையறது நமக்கே சங்கடமா இருக்கும், சில இடத்துல ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு போட்டிருந்தா உள்ள விடறதும் இல்ல.

இப்ப நேரம். சென்னைல சூரியன் மறையறது வருஷம் முழுக்க பெருசா மாறாது, நவம்பர் கடைசில 5.40 வாக்குல, ஜூலைல 6.40 வாக்குல, அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கு அரை மணி முன்னாடி மேல போய் உக்காந்துட்டா வெளிச்சம் மாறுறத பாக்கலாம், கூட்டமும் இருக்காது. பெரும்பாலான இடத்துல கூட்டம் எட்டு மணிக்கு மேலதான். ஆனா ஏப்ரல், மே, ஜூன்ல இந்தக் கணக்கு செல்லாது, பகல் முழுக்க காய்ஞ்ச கான்கிரீட் தளம் சூரியன் போனப்புறமும் கால் வழியா சூட்ட கக்கிட்டே இருக்கும், அந்த மாசங்கள்ல ஏழரைக்கு மேல போங்க. அக்னி நட்சத்திரத்துல மதிய சாப்பாட்டுக்கு திறந்த மாடி வேணவே வேணாம், யார் கூப்பிட்டாலும்.

காத்துதான் இங்க ராஜா. டி.நகர்லேருந்து கடல் கிழக்க அஞ்சு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கு, வெயில் காலத்துல கடல்காத்து மதியத்துக்கு மேல உள்ள வரும், வந்துட்டா சாயங்காலம் மாடில உக்கார முடியும். சில நாள் மேற்குலேருந்து அடிக்கற தரைக்காத்து பலமா இருந்து கடல்காத்த உள்ளயே விடாது, அன்னிக்கெல்லாம் வெயில் 40 டிகிரிய தாண்டிடும், ஜூன்ல இது நிறைய நடக்கும். கண்டுபிடிக்கறது ரொம்ப ஈசி, நாலு மணிக்கு பாண்டி பஜார் நடைபாதைல நிக்கும்போது முகத்துல அனல் அடிச்சா மாடி பிளான கேன்சல் பண்ணிட்டு ஏசி இடமா பாருங்க, கொஞ்சம் பிசுபிசுன்னு ஈரக் காத்து வந்தா தாராளமா ஏறலாம். டிசம்பர் பாதிலேருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் யோசிக்கவே வேணாம், எந்த மாடிக்கு எப்ப போனாலும் சுகம்தான், மார்கழில எங்க வீட்டுப் பெரியவங்க மாதிரி உங்க வீட்லயும் யாராவது இருந்தா ஒரு மஃப்ளர் மட்டும் எடுத்துக்கோங்க, 23 டிகிரிக்கே காத மூடிக்கற ஊரு இது.

மழை ரெண்டு விதமா வந்து கழுத்தறுக்கும். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, அது கடல் பக்கத்துலேருந்து வரும், திடீர்னு கொட்டும், பத்து நிமிஷத்துல நிக்கும், திரும்ப கொட்டும். அந்த சீசன்ல புக் பண்ணும்போதே மழை வந்தா உள்ள டேபிள் குடுப்பீங்களான்னு கேட்டு வெச்சுக்கோங்க. சில இடத்துல வெறும் மாடி மட்டும்தான் இருக்கும், மழை வந்தா எல்லாரும் படிக்கட்டுல நிக்க வேண்டியதுதான். இன்னொண்ணு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல பகல்ல சுள்ளுன்னு வெயில் அடிச்சுட்டு சாயங்காலமோ ராத்திரியோ வர்ற இடி மழை. அது மேற்குலேருந்து வரும், அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் கட்டிக்கிட்டு சிட்டிக்குள்ள நகரும். வானிலை மையத்தோட வெப்சைட்ல சென்னை ரேடார் படம் ஃப்ரீயாவே இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, மேற்க செவப்பா ஏதாவது தெரிஞ்சா ஒரு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உங்க பனீர் டிக்கா மேல பெய்யலாம். இடி இடிக்கும்போது திறந்த மாடில உக்காந்து வீடியோ எடுக்கற வேலையெல்லாம் வேணாம். அப்புறம் மேல நனையாம தப்பிச்சாலும் கீழ தெரு இருக்கே, டி.நகரே 1920கள்ல மாம்பலம் ஏரிய வத்த வெச்சு உண்டாக்கின இடம், பெருமழைன்னா தண்ணி தன்னோட பழைய வீட்டுக்கே வந்துடும், 2021 நவம்பர்ல பாத்தோமே. பலமா பிடிச்சிக்கிச்சுன்னா டெசர்ட்டுக்கு ஆசைப்படாம இறங்கிடுங்க.

போன் பண்ணும்போது டேபிள் இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வெக்காதீங்க. முதல் கேள்வி, "அண்ணா, லிஃப்ட் மாடி வரைக்கும் வருமா, இல்ல கடைசில படி ஏறணுமா?" இது ரொம்ப முக்கியம், நிறைய கட்டடத்துல லிஃப்ட் கடைசி ஃப்ளோரோட நின்னுடும், மாடிக்கு ஒரு குறுகலான படிக்கட்டு, சில இடத்துல இரும்புப் படி. முட்டி வலி இருக்கற அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போய் அங்க நிறுத்திட்டா அன்னிக்கு சாயங்காலமே போச்சு, அவங்க பரவாயில்லப்பான்னு சொல்லிட்டே ஏறுவாங்க, அத பாக்க நமக்குத்தான் கஷ்டமா இருக்கும். ரெண்டாவது, மேலயே டாய்லெட் இருக்கான்னு. மூணாவது, மது பரிமாறுற இடமான்னு, ஏன்னா பார் லைசென்ஸ் இருக்கற மாடில குழந்தைங்கள விடமாட்டோம்னோ, இல்ல எட்டு மணிக்கு மேல விடமாட்டோம்னோ சொல்லலாம். தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ மது குடுக்கக் கூடாது, காலேஜ் பசங்க கும்பலா போனா ஐடி கேப்பாங்க, அதுக்கு சண்டை போடாதீங்க. சுத்த சைவம் சாப்பிடுறவங்க கிச்சன் தனியான்னு அப்பவே கேட்டுடுங்க, மேல போய் மெனு பாத்துட்டு முகம் சுளிக்கறதுக்கு இது மேல். சிகரெட் பிடிக்கறவங்கள எந்தப் பக்கம் உக்கார வைக்கறாங்கன்னும் கேளுங்க, காத்து அந்தப் பக்கத்துலேருந்து வந்தா மொத்த புகையும் உங்க டேபிளுக்குத்தான்.

எப்படி வர்றது? கார் எடுத்துட்டு வராதீங்க, அவ்வளவுதான் சொல்வேன். பாண்டி பஜார் பக்கத்துல தணிகாசலம் ரோட்டுல மல்டி லெவல் பார்க்கிங் இருக்கு, வந்தே ஆகணும்னா அதுல விட்டுட்டு நடங்க, ஹோட்டல்னா வேலட் இருக்கும். மின்சார ரயில்ல வந்தா மாம்பலத்துல இறங்கினதும் 2023ல திறந்த ஆகாய நடைபாதை, அதுல ஏறினா ரங்கநாதன் தெரு நெரிசல மேலயிருந்து பாத்துட்டே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துடலாம், 570 மீட்டர், லிஃப்ட்டும் இருக்கு. மெட்ரோல வர்றவங்க நந்தனத்துலயோ தேனாம்பேட்டைலயோ இறங்கி ஆட்டோ பிடிங்க. பனகல் பார்க் பக்கம் ரெண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக பாதைய மாத்தி மாத்தி விடறாங்க, அந்த வழியா வர்றதா இருந்தா பத்து பதினஞ்சு நிமிஷம் கூட வெச்சுக்கோங்க.

ஷாப்பிங் வரிசையையும் கொஞ்சம் மாத்துங்க. நகை, மேட்சிங் பிளவுஸ் பிட், வளையல், பாண்டி பஜார் பிளாட்பார சாமான் இதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி, பட்டுப்புடவை செலக்‌ஷன் கூட முன்னாடி முடிச்சுக்கலாம், ஆனா பாத்திரம், பெட்ஷீட், சூட்கேஸ் எல்லாம் சாப்பிட்டப்புறம். நகை வாங்கியிருந்தா கைப்பைல மடியிலயே இருக்கட்டும், சேர் முதுகுல மாட்டாதீங்க, கைப்பிடிச் சுவர் பக்கம் வைக்கவே வைக்காதீங்க. பெரிய பைய பில் போட்ட கடையிலயே வெச்சுட்டு அப்புறம் வந்து வாங்கிக்கறேன்னு கேட்டுப் பாருங்க, தெரிஞ்ச கடைன்னா வெச்சுப்பாங்க, ஆனா அவங்க எத்தன மணிக்கு கடை சாத்துவாங்கன்னு கேட்டுட்டு வரணும்.

மேல போனதும் வெயிட்டர் காட்டுற முதல் டேபிள்ல உக்காராதீங்க. ஒரு நிமிஷம் நின்னு காத்து எங்கேருந்து வருதுன்னு பாருங்க. கடல்காத்துன்னா கிழக்கு, தென்கிழக்கு. அந்தப் பக்கத்துல லிஃப்ட் ரூமோ டேங்கோ மறைச்சுட்டு இருந்தா அதுக்குப் பின்னாடி இருக்கற டேபிள் எல்லாம் புழுக்கம்தான், ஃபேன் ஓடினாலும். தந்தூர் அடுப்பு, கிரில் இருக்கற இடத்துக்கு காத்துப் போற திசைல உக்காந்தா வீட்டுக்குப் போய் தலைக்கு குளிக்க வேண்டியிருக்கும். வேடிக்கை பாக்கணும்னா தெற்குப் பக்கம் நல்லா இருக்கும், மீனம்பாக்கம் விமானங்க ஏறுறதும் இறங்குறதும் தெரியும், குழந்தைங்களுக்கு அது ஒண்ணே போதும். ஆனா குழந்தைங்கள ஓரத்து சேர்ல உக்கார வைக்காதீங்க, கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்துல சேர் இருந்தாலே அது மேல ஏறி நிக்கத்தான் பாப்பாங்க. கொசுவுக்கு ஓடோமாஸ் கைல வெச்சுக்கோங்க, கேட்டா காலுக்கடியில ஒரு டேபிள் ஃபேன் வைப்பாங்க, அது கொசுவர்த்திய விட உருப்படியான வேலை பண்ணும். பகல்ல போனா காக்கா. ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ தட்டுல விட்டுட்டு கை கழுவப் போனா திரும்பி வரும்போது தட்டு மட்டும்தான் இருக்கும், சென்னை காக்காய்க்கு மயோனைஸ் கூட பழகிடுச்சு.

ஆர்டர் பண்றதுல ஒரே ஒரு விதி, எது மேலயே சமைக்கறாங்களோ அத வாங்குங்க. புகை வர்ற கரி அடுப்ப நிறைய இடத்துல மாடிலயே வெச்சிருப்பாங்க, டிக்கா, கபாப், கிரில் பண்ண மீன் இதெல்லாம் அடுப்புலேருந்து நேரா டேபிளுக்கு வரும். மத்ததெல்லாம் கீழ் மாடி கிச்சன்லேருந்து லிஃப்ட்லயோ படிலயோ ஏறி வந்து, அப்புறம் காத்துல ஆறி, தோசைன்னா தொங்கிடும், பட்டர் நான் ரெண்டே நிமிஷத்துல ரப்பர். நான் வேணும்னா ஒரே தடவைல நாலு சொல்லாம ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க, வெயிட்டர் முறைச்சாலும் பரவாயில்ல. பிரியாணி மூடின பாத்திரத்துல வந்தா தைரியமா வாங்கலாம், சூடு நிக்கும். பெரிய பிளேட்டர் ஃபோட்டோல அழகா இருக்கும், பாதி சாப்பிடறதுக்குள்ள ஜில்லுன்னு ஆயிடும், அதுக்குப் பதிலா சின்னச் சின்ன ஸ்டார்ட்டரா இடைவெளி விட்டு சொல்லுங்க, டேபிள்ல ரொம்ப நேரம் உக்காரவும் அது ஒரு சாக்கு.

பில் வந்தா அப்படியே கார்ட நீட்டாதீங்க, கொஞ்சம் படிங்க. சாதாரண ரெஸ்டாரன்ட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாளைக்கு அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல வாங்குற ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரன்ட்டா இருந்தா 18 சதவீதம் வரும். அதாவது 2,000 ரூபாய்க்கு சாப்பிட்டா கஃபேல 100 ரூபாய் வரி, அந்த மாதிரி ஹோட்டல் மாடில 360 ரூபாய், அதே பனீர்தான். மது ஜிஎஸ்டிக்குள்ள வராது, அதுக்கு வாட்ங்கற மாநில வரி தனியா போட்டிருப்பாங்க, மெனுல போட்ட விலைய மட்டும் பாத்து கணக்கு போட்டா பில்லுல தூக்கி வாரிப் போடும். பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு ஒரு லைன் இருந்தா அது அரசாங்க வரி கிடையாது. தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைல சொல்லிச்சு, டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்ல அது சரிதான்னு சொல்லிடுச்சு. கோவப்படாம, "தம்பி, இத எடுத்துட்டு வேற பில் குடுங்க, டிப்ஸ் நான் கைல குடுத்துடறேன்"னு சொன்னா பெரும்பாலும் எடுத்துடுவாங்க, எடுக்கலன்னா 1915ன்ற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் சொல்லலாம். சொன்ன மாதிரி அந்தத் தம்பிக்கு கைல குடுத்துட்டு வாங்க, சாமானெல்லாம் தூக்கிட்டு படி ஏறி இறங்கறது அவர்தான். தண்ணி பாட்டில் விஷயத்துல மட்டும் வாய குடுக்காதீங்க, எம்ஆர்பிக்கு மேல ரெஸ்டாரன்ட்ல வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017லயே சொல்லிடுச்சு, அதனால சாதா குடிதண்ணி குடுங்கன்னு முதல்லயே கேட்டு வாங்கிடுங்க.

இத சொன்னா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, உக்காரும்போதே இன்னொரு படிக்கட்டு எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்கோங்க. மும்பைல கமலா மில்ஸ் வளாகத்துல 2017 டிசம்பர் 29ம் தேதி நடுராத்திரி தாண்டி மொட்டை மாடி ரெஸ்டாரன்ட்ல தீப்பிடிச்சு 14 பேர் செத்தாங்க, நிறைய பேர் டாய்லெட்டுக்குள்ள ஒளிஞ்சு புகைல மாட்டினவங்க. அதே 2017 மே மாசம் நம்ம உஸ்மான் ரோட்டுல சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிஞ்சு கடைசில மொத்தமா இடிக்க வேண்டியதாச்சு. மாடின்னா தப்பிக்க கீழதான் போகணும். மூங்கில், துணி, பிளாஸ்டிக் தார்ப்பாய் வெச்சு கூரை போட்டு அதுக்கடியில கரி அடுப்பு எரிஞ்சா, இருக்கற ஒரே படிக்கட்டுல சோடா கிரேட்டும் காலி சேரும் அடுக்கியிருந்தா, நான் அந்த இடத்துல உக்கார மாட்டேன், சாப்பாடு எவ்வளவு நல்லா இருந்தாலும்.

எந்த நாள் வேணாம்னா, தீபாவளிக்கு முந்தின ரெண்டு ஞாயித்துக்கிழமை டி.நகர் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க. ஆடித் தள்ளுபடி சமயத்துல வார நாள்ல வாங்க, செவ்வாய், புதன் நல்லது. டிசம்பர் 31 ராத்திரி நிறைய மாடில ஆளுக்கு இவ்வளவுன்னு ஃபிக்ஸட் ரேட் வெச்சிடுவாங்க, அதுக்கு ஜனவரி ஆறாம் தேதி போனா அதே சேர், அதே காத்து, பாதி காசு. காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், திருவள்ளுவர் தினம், மே தினம் மாதிரி நாள்ல மது கிடையாது, அதனால பார் கும்பல் இல்லாம அமைதியா இருக்கும், குடும்பத்தோட போறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு அதான் பெஸ்ட். லைவ் மியூசிக் இருக்கற இடத்துல பேசறதுக்கே கத்தணும், ஆனா திறந்த வெளில ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு சட்டம், அதனால பேசணும்னு போறவங்க ஒன்பதரைக்குப் போய் மெதுவா ஸ்டார்ட்டர் சொல்லிட்டு இருங்க, பத்துக்கு மேல மாடி உங்களோடது.

இறங்கறதுக்கு முன்னாடியே மேலயிருந்து ஆட்டோ புக் பண்ணாதீங்க, லிஃப்ட் வர்றதுக்குள்ள அவர் கேன்சல் பண்ணிட்டுப் போயிடுவார். கீழ வந்து, உஸ்மான் ரோட்டுலயோ பாண்டி பஜார்லயோ நிக்காம ஒரு தெரு உள்ள தள்ளி, பர்கிட் ரோடு, ஹபிபுல்லா ரோடு மாதிரி கொஞ்சம் ஓட்டமான ரோட்டுல பிக்கப் போட்டீங்கன்னா சீக்கிரம் வரும். மெட்ரோ ராத்திரி 11 வரைக்கும் ஓடுது, மின்சார ரயில் பத்து மணிக்கு மேல இடைவெளி விட்டுத்தான் வரும், அதனால மாம்பலம் போறவங்க கடைசி காபிய மேல சொல்றதுக்கு முன்னாடி ரயில் டைம பாத்துடுங்க. கடைல பை வெச்சிருந்தா அத முதல்ல போய் வாங்கிடுங்க, ஷட்டர் இறக்கிட்டா அடுத்த நாள் காலைல திரும்ப டி.நகர் வரணும்.